தினமும் ஓட்டும் காருக்கு லேசான ஃப்ளைவீல்: எவ்வளவு குறைக்கலாம்?

இரண்டாம்கியர்:

வணக்கம் நண்பர்களே. என் வண்டி 2 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின், 5 கியர். எடை சுமார் 1,200 கிலோ. 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இப்போதெல்லாம் மேட்டில் நான்காவது கியரில் அழுத்தினால் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கிளட்ச் தேய்ந்துவிட்டது. எப்படியும் கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும் என்பதால் ஃப்ளைவீலையும் (கிராங்கோடு சேர்ந்து சுழலும், கிளட்ச் பிளேட் உரசும் கனமான சக்கரம்) இதே கையோடு மாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன்.

கம்பெனி ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு, 8 கிலோ. என் இன்ஜினுக்குப் பொருந்துவதாக இரண்டு கிடைக்கின்றன. ஒன்று குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) ஸ்டீல், 5.4 கிலோ. இன்னொன்று அலுமினியம், 3.6 கிலோ.

வாரத்தில் ஐந்து நாள் நெரிசலில் வேலைக்குப் போய் வருகிறேன். ஞாயிறு காலையில் மலைப்பாதை. வருஷத்துக்கு ஓரிரு முறை டிராக். இது தவிர வேறு வண்டி கிடையாது. எதை எடுக்கலாம்? இரண்டையும் ஓட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

அச்சாணி:

தம்பி, முதல்ல ரெண்டு விஷயம் பாத்துக்குங்க. உங்க வண்டியில இருக்கறது ஒரே துண்டு ஃப்ளைவீல்தானா, இல்ல உள்ள ஸ்பிரிங் வெச்ச இரட்டை நிறை ஃப்ளைவீலா? வார்ப்பிரும்பு, 8 கிலோன்னு சொல்றதப் பாத்தா ஒரே துண்டுதான். ஆனா கழட்டிப் பாக்காம ஆர்டர் போடாதீங்க. இரட்டை நிறைன்னா கதையே வேற, கிளட்ச் பிளேட்டையும் வேற மாதிரி போடணும்.

ரெண்டாவது, கிலோவ வெச்சு முடிவு பண்ணாதீங்க. எடை எங்க இருக்குங்கறதுதான் கணக்கு. விளிம்புல இருக்கற ஒரு கிலோவும் நடுவுல போல்ட் பக்கத்துல இருக்கற ஒரு கிலோவும் ஒண்ணு இல்ல.

முறுக்குவிசை:

அச்சாணி அண்ணன் சொன்னதை எண்ணில் வைத்துப் பார்க்கலாம். மையத்திலிருந்து 130 மி.மீ. தள்ளி ஒரு கிலோவை எடுப்பதும், 60 மி.மீ. தள்ளி ஒரு கிலோவை எடுப்பதும் தராசில் ஒன்றுதான். சுழல் நிலைமத்தில் (சுழலும் வேகத்தை மாற்றவிடாமல் எதிர்க்கும் தன்மை) முதலாவது 4.7 மடங்கு, ஏனென்றால் தூரம் இருமடியாக வருகிறது. நடுப்பகுதியில் அழகாக ஓட்டை போட்டு எடையைக் குறைத்த ஃப்ளைவீல்களும் சந்தையில் உண்டு. பெட்டியில் போட்டிருக்கும் கிலோவுக்கு ஏற்ற மாற்றத்தை அவை ரோட்டில் தராது.

இதை வண்டியின் எடையாக மாற்றும் சூத்திரம் எளிது. நிலைமத்தில் எவ்வளவு குறைந்ததோ அதை, (கியர் விகிதம் × கடைசி விகிதம் ÷ டயர் ஆரம்) என்பதன் இருமடியால் பெருக்க வேண்டும். உங்கள் வண்டியின் சரியான எண்கள் என்னிடம் இல்லை என்பதால் இந்த அளவுக் காரில் வழக்கமாக வரும் எண்களை எடுத்துக்கொள்கிறேன்: கியர்கள் 3.5, 2.0, 1.4, 1.0, 0.8, கடைசி விகிதம் 4.1, டயர் ஆரம் 0.30 மீட்டர். நிறை எவ்வளவு தூரத்தில் பரவியிருக்கிறது என்பதையும் ஊகித்தே போடுகிறேன். பழையதற்கு 0.080, குரோமோலிக்கு 0.049, அலுமினியத்துக்கு 0.029 கிலோ-சதுர மீட்டர்.

முதல் கியரில் குரோமோலி போட்டால் வண்டியிலிருந்து 71 கிலோவை இறக்கி வைத்ததற்குச் சமம். அலுமினியம் என்றால் 117 கிலோ.
இரண்டில் 23, 38.
மூன்றில் 11, 19.
நான்கில் 6, 10.
ஐந்தில் 4, 6.

மேலே ஏற ஏற ஆதாயம் கரைந்துவிடுகிறது. ஐந்தாவது கியரில் முந்திச் செல்லும்போது ஃப்ளைவீல் மாறியதே தெரியாது. இன்ஜினின் சக்தியும் கூடப் போவதில்லை. ரோலரை முடுக்கி அளக்கும் டைனோவில் ஏற்றினால் சில குதிரைத்திறன் கூடுதலாகக் காட்டும், காரணம் இன்ஜின் தன் சொந்தச் சக்கரத்தைச் சுழற்றவே செலவழித்த பங்கு குறைந்தது. அதே வண்டியை நிலையான வேகத்தில் பிடித்துவைத்து அளந்தால் பழைய எண்ணே வரும்.

இரண்டாம்கியர்:

இவ்வளவு தெளிவாகக் கணக்குப் போட்டுக் கொடுத்ததற்கு மிக்க நன்றி. முதல் கியரில் 117 கிலோ என்று பார்த்ததும் மனம் அலுமினியம் பக்கம் சாய்கிறது.

மழைச்சாலை:

சாயறதுக்கு முன்னாடி என் அனுபவத்தையும் படிச்சிடுங்க. உங்களோடது மாதிரியே 2 லிட்டர் வண்டியில 3.5 கிலோ அலுமினியம் போட்டு ரெண்டு வருஷம் ஓட்டினேன். அதுவும் தினசரி.

மலைப்பாதையில அது தந்த சந்தோஷம் நிஜம், இல்லைன்னு சொல்ல மாட்டேன். மூணுலேர்ந்து ரெண்டுக்கு இறக்கும்போது ஆக்சிலரேட்டர லேசா ஒரு தட்டு தட்டினா போதும், ஊசி துள்ளி மேல வந்து நிக்கும், கியர் வெண்ணெயில இறங்கற மாதிரி இறங்கும்.

ஆனா முதல் கியர்ல கிடைக்கற அந்த 117 கிலோ இருக்கே, அத நெரிசல்ல திருப்பிக் குடுத்துடறோம். கனமான ஃப்ளைவீல்ல கிளட்ச மெதுவா விட்டா ஆக்சிலரேட்டர் தொடாமலே வண்டி நகரும். லேசானதுல ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆர்பிஎம் ஏத்தி, ஹாஃப் கிளட்ச்ல பிடிச்சு, அப்புறம் விடணும். ஒரு கிலோமீட்டர்ல நாப்பது தடவை நின்னு கிளம்பற ரோட்ல இடது கால் சொல்லும் சேதி. சரிவான பேஸ்மென்ட் பார்க்கிங்ல பின்னாடி ஒருத்தர் ஒட்டி நிக்கும்போது ரெண்டு தடவை ஆஃப் ஆயிருக்கேன்.

ஏசி கம்ப்ரசர் சேரும்போது ஐடில் 800லேர்ந்து 550க்கு விழுந்து, பதறி 1,000க்கு ஏறி, மறுபடி விழும். சிக்னல்ல நிக்கற நேரம் முழுக்க வண்டி மூச்சு வாங்கற மாதிரி இருக்கும். கடைசியில ஸ்டீலுக்கே மாறிட்டேன். டிராக்குக்குன்னு தனி வண்டி வெச்சிருந்தா அலுமினியத்த கழட்டியிருக்க மாட்டேன்.

வேகநேசன்:

மழைச்சாலை அக்கா சொல்றதுக்கு முழுசா ஒத்துக்க முடியல. என் வண்டியில நாலு வருஷமா அலுமினியம்தான், தினமும் அதுலதான் போறேன். முதல் ரெண்டு வாரம் கஷ்டம், அப்புறம் கால் தானா கத்துக்கும். 1,200 ஆர்பிஎம்ல கிளம்பிட்டு இருந்தத 1,600ல கிளம்பறேன், வித்தியாசம் அவ்வளவுதான். ஐடில ECU (இன்ஜின் கம்ப்யூட்டர்) மென்பொருள்ல 900க்கு ஏத்தி வெச்சேன், ஏசி பிரச்சினையும் போச்சு.

வெறும் கணக்குல தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. வண்டி உங்க பாதத்துக்குப் பதில் சொல்ற வேகம். பழைய ஃப்ளைவீல்ல மிதிச்சா இன்ஜின் யோசிச்சுட்டு ஏறும். இதுல மிதிச்ச கணமே. அந்த ஒரு உணர்வுக்காகவே நான் மறுபடி அலுமினியம்தான் போடுவேன்.

முறுக்குவிசை:

வேகநேசன் சொல்லும் உணர்வு உண்மையானது, அதை யாரும் மறுக்க வேண்டாம். ஆனால் எதைச் சுலபமாகப் பழகலாம் என்பது இன்ஜினைப் பொறுத்தும் மாறும்.

நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 800 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 27 அடி. அடிக்கும் அடிக்கும் நடுவே கிராங்கை இழுத்துக்கொண்டு போவது சேமித்த சுழற்சிதான். மேலே போட்ட கணக்குப்படி ஐடிலில் பழைய ஃப்ளைவீலில் 280 ஜூல் இருக்கும், அலுமினியத்தில் 100 மட்டுமே. ஆறு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு, இடைவெளி குறைவு, அதனால் ஆறு சிலிண்டர்க்காரர்கள் “எனக்கு ஒன்றும் தெரியவில்லையே” என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரி, நான்கு சிலிண்டர்க்காரர் புலம்புவதும் சரி. டீசலில் அழுத்த விகிதம் அதிகம், துடிப்பும் முரடு. டீசலுக்கு லேசான ஃப்ளைவீல் போடவே வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொன்று. இன்ஜினில் எந்த சிலிண்டராவது வெடிக்கத் தவறுகிறதா என்று கண்டுபிடிக்க, கம்ப்யூட்டர் கிராங்கின் வேகம் வெடிப்புக்கு வெடிப்பு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைத்தான் அளக்கிறது. ஃப்ளைவீலின் நிலைமம் குறைந்தால் அந்த ஏற்ற இறக்கம் இயல்பாகவே பெரிதாகும். சில வண்டிகளில் கம்ப்யூட்டர் அதை மிஸ்ஃபயர் என்று எடுத்துக்கொண்டு பி0300 கோடு போட்டு விளக்கை எரியவிடும். பிளக், காயில் எல்லாம் மாற்றிப் பார்த்தும் விளக்கு அணையாது. உங்கள் இன்ஜினில் அந்த அனுபவம் யாருக்காவது இருக்கிறதா என்று வாங்கும் முன் விசாரியுங்கள்.

இரண்டாம்கியர்:

இது எனக்குத் தெரியவே தெரியாது. விசாரிக்கிறேன். சூட்டைப் பற்றியும் கேட்க வேண்டும். அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் கடத்தும், அதனால் கிளட்சுக்கு நல்லது என்கிறார்களே?

முறுக்குவிசை:

பாதி சரி. ஒரு கிலோ இரும்பை ஒரு டிகிரி ஏற்ற 460 ஜூல் போதும். அலுமினியத்துக்கு 900 வேண்டும். எனவே 8 கிலோ வார்ப்பிரும்பு டிகிரிக்கு 3,700 ஜூல் வாங்கிக்கொள்ளும். 5.4 கிலோ குரோமோலி 2,500. அலுமினிய ஃப்ளைவீலிலும் பல் வளையமும் உராய்வுத் தட்டும் ஸ்டீல்தான், அது ஒன்றரை கிலோ என்று வைத்தால் மொத்தம் 2,600 வருகிறது. எடை இவ்வளவு வித்தியாசப்பட்டும் சூட்டைத் தாங்கும் அளவில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். இரண்டுமே பழையதைவிட சுமார் 30 சதவீதம் குறைவு.

வித்தியாசம் சூடு முதலில் எங்கே விழுகிறது என்பதில் இருக்கிறது. குரோமோலியில் கிளட்ச் பிளேட் உரசும் முகமும் உடம்பும் ஒரே உலோகம். அலுமினியத்தில் உரசுவது மெல்லிய ஸ்டீல் தட்டில். சூடு அந்தத் தட்டைத் தாண்டி, போல்ட் போட்ட இணைப்பைக் கடந்துதான் அலுமினியத்துக்குள் போகும். அலுமினியம் சூட்டில் விரிவது ஸ்டீலைப் போல் இரு மடங்கு. 240 மி.மீ. விட்டமுள்ள தட்டில் 100 டிகிரி ஏறினால் இரண்டுக்கும் இடையே கால் மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். நல்ல தயாரிப்பாளர்கள் இதற்கு இடம் கொடுத்துத்தான் செய்கிறார்கள். ஆனாலும் ஹாஃப் கிளட்சிலேயே வாழும் நெரிசல் ஓட்டத்தில் அந்தத் தட்டு கோணிக்கொண்டு, கிளம்பும்போது வண்டி குலுங்க ஆரம்பிக்கும். டிராக்கில் இந்தப் பிரச்சினை வராது, அங்கே கிளம்புவது ஒரே ஒரு முறை.

தட்டு கெட்டால் தட்டை மட்டும் மாற்றலாம், அது அலுமினியத்தின் நல்ல பக்கம். குரோமோலியை லேசாக ஒரு முறை முகம் தேய்த்து மறுபடி போடலாம்.

புதுஓட்டுநர்:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். புதிதாக வாங்குவதற்குப் பதில், இருக்கிற ஃப்ளைவீலையே லேத்தில் கொடுத்து இரண்டு கிலோ கடைந்து எடுத்தால் ஆகாதா? தெரிந்த ஒருவர் அப்படித்தான் செய்திருக்கிறார், நன்றாக ஓடுகிறது.

கடைசல்பட்டறை:

நான் லேத் ஓட்டுபவன். இந்த வேலை கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்த இரும்பு என்பதைத்தான்.

சாதாரணச் சாம்பல் வார்ப்பிரும்பாக இருந்தால் கையே வைக்க மாட்டேன். அதன் உள்ளே கிராஃபைட் செதில் செதிலாகப் படிந்திருக்கும். ஒவ்வொரு செதிலும் ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒரு கீறல் மாதிரி. அழுத்தினால் தாங்கும், இழுத்தால் அந்தக் கீறல் வழியாகப் பிளக்கும். சுழலும் ஃப்ளைவீலில் இருப்பது இழுவிசை. 280 மி.மீ. விட்டமுள்ள ஃப்ளைவீல் 7,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது விளிம்பு வினாடிக்கு 103 மீட்டர் வேகத்தில் போகிறது, மணிக்கு 370 கிலோமீட்டர். ஆர்பிஎம் 7,000லிருந்து 8,000 ஆனால் வேகம் கூடுவது 14 சதவீதம், இழுவிசை கூடுவது 30 சதவீதம். அது உடைந்தால் துண்டுகள் கியர் பாக்ஸ் உறையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுபவரின் கால் பக்கம் வரும். நேர்கோட்டில் ஓடும் டிராக் (drag) ரேஸ் வண்டிகளுக்கு எஸ்எஃப்ஐ 1.1 என்ற பாதுகாப்புத் தரச்சான்று உள்ள ஃப்ளைவீல் கேட்பதும், கால் பக்கத்துக்குத் தடித்த கவசம் கேட்பதும் இதற்காகத்தான்.

சில கம்பெனி ஃப்ளைவீல்கள் கிராஃபைட் உருண்டையாக அமைந்த வார்ப்பிரும்பிலோ ஸ்டீலிலோ வரும். அவற்றைக் கொஞ்சம் கடையலாம். அதுவும் உராய்வு முகத்தின் பின்புறம் தடிமன் குறையாமல், பல் வளையம் உட்காரும் தோளைத் தொடாமல், மூலைகளை வளைவாக விட்டு. கூரான மூலை விட்டால் கீறல் அங்கேதான் தொடங்கும். கடைந்த பிறகு பேலன்ஸ் கட்டாயம். இத்தனையும் ஒழுங்காகச் செய்து முடித்தால் அரை கிலோ, ஒரு கிலோ குறையும். அதற்கு மேல் வேண்டுமென்றால் குரோமோலி ஸ்டீலை முழுத் துண்டாகக் கடைந்து செய்ததையோ, அடித்து உருவாக்கியதையோ வாங்கிவிடுங்கள்.

உங்களுக்குத் தெரிந்தவரின் வண்டி ஓடட்டும், நல்லது. ஆனால் அவர் கழற்றும்போது போல்ட் ஓட்டைகளைச் சுற்றி மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று சாயம் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

புதுஓட்டுநர்:

இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுகிறேன். நன்றி ஐயா.

பழையவி8:

பேலன்ஸ் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. எல்லா இன்ஜினிலும் ஃப்ளைவீல் தனக்குள் சமநிலையாக இருக்காது. சிலவற்றில் கிராங்கின் சமநிலையில் ஒரு பங்கே ஃப்ளைவீலில் எடையாக வைக்கப்பட்டிருக்கும். ஃபோர்டு 302 வி8 இன்ஜினில் 1981 வரை 28 அவுன்ஸ்-அங்குலம், அதற்குப் பிறகு 50. மாற்றிப் போட்டால் இன்ஜின் நடுங்கியே பேரிங்கைத் தின்றுவிடும். மாஸ்டாவின் 13பி ரோட்டரி இன்ஜினிலும் இப்படித்தான், ஃப்ளைவீலிலேயே எதிர் எடை உண்டு. அதற்கு லேசானதைப் போடும்போது ஆட்டோமேட்டிக் வண்டியில் வரும் தனி எதிர் எடையையும் சேர்த்து வாங்க வேண்டும்.

இரண்டாம்கியர் போன்ற நான்கு சிலிண்டர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கவலை இல்லை.

ஆறாம்கியர்:

என்னுடையது டர்போ, கம்பெனியிலிருந்தே இரட்டை நிறை ஃப்ளைவீல். 1,10,000 கிலோமீட்டரில் ஆட ஆரம்பித்துவிட்டது. ஒற்றை நிறைக்கு மாறலாமா?

அச்சாணி:

மாறலாம், ஆனா என்ன விட்டுக் குடுக்கறோம்னு தெரிஞ்சு மாறணும். இரட்டை நிறையில ரெண்டு தட்டு, நடுவுல வளைஞ்ச நீள ஸ்பிரிங். இன்ஜினோட துடிப்ப அந்த ஸ்பிரிங் முழுங்கிடும், கியர் பாக்ஸுக்கு அமைதியான சுழற்சிதான் போகும். அதனால அந்த வண்டிக்கு வர்ற கிளட்ச் பிளேட்ல நடுவுல ஸ்பிரிங் இருக்காது, இறுக்கமா இருக்கும். ஒற்றை நிறை ஃப்ளைவீல போட்டுட்டு அதே பிளேட்ட மாட்டினா துடிப்பு அத்தனையும் நேரா கியர் பாக்ஸுக்குள்ள போயிடும். நடுவுல ஸ்பிரிங் உள்ள பிளேட் கண்டிப்பா போடணும்.

அத போட்டும் நியூட்ரல்ல கரகரன்னு ஒரு சத்தம் வரும். சுமை இல்லாத கியர் பல்லு ஒண்ணோட ஒண்ணு தட்டறது. கிளட்ச மிதிச்சா நின்னுடும். கெடுதல் இல்ல, ஆனா காதுக்குப் பிடிக்காதவங்களுக்கு தினமும் அவஸ்தை. வண்டியில குடும்பத்தோட போறவரா இருந்தா புது இரட்டை நிறையே போட்டுடுங்க, நான் அப்படித்தான் சொல்லுவேன்.

ஆறாம்கியர்:

குடும்பத்தோடுதான். இரட்டை நிறையே போட்டுவிடுகிறேன். தெளிவுபடுத்தியதற்கு நன்றி அண்ணா.

வேகநேசன்:

ரெவ் ஹேங் பத்தி ஒரு சந்தேகம். கால எடுத்த பிறகும் ஆர்பிஎம் அப்படியே நிக்குதே, அது லேசான ஃப்ளைவீல் போட்டா சரியாயிடும்னு பல இடத்துல படிச்சேன். எனக்கு பாதிதான் குறைஞ்சுது.

முறுக்குவிசை:

பாதி குறைந்ததே நல்ல பலன். புதிய வண்டிகளில் அந்தத் தொங்கலுக்கு முக்கியக் காரணம் ஃப்ளைவீல் இல்லை. நீங்கள் பாதத்தை எடுத்த கணத்தில் கம்ப்யூட்டர் த்ராட்டிலை முழுதாக மூடாமல் மெதுவாக மூடுகிறது, புகைக் கட்டுப்பாட்டுக்காக. மிச்சப் பாதி மென்பொருளில் இருக்கிறது. கேபிள் வைத்த பழைய த்ராட்டில் வண்டிகளில் ஃப்ளைவீல் மாற்றிய பலன் அப்படியே தெரியும்.

இதன் மறுபக்கத்தையும் இரண்டாம்கியர் யோசிக்க வேண்டும். ஆர்பிஎம் வேகமாக விழுவது வேகமாக கியர் மாற்றுபவருக்கு வசதி. நிதானமாக மாற்றுபவருக்கு, அடுத்த கியர் சேரும் முன்பே ஆர்பிஎம் தேவைக்குக் கீழே போய்விடும், கிளட்ச் விடும்போது தலை முன்னே ஆடும்.

இரண்டாம்கியர்:

எல்லாப் பதிவையும் இரண்டு முறை படித்தேன். குரோமோலி 5.4 கிலோவே போடப் போகிறேன். என் இன்ஜினில் இதே அளவுக்கு இறங்கியவர்கள் மூன்று பேரிடம் பேசிவிட்டேன், யாருக்கும் மிஸ்ஃபயர் விளக்கு வரவில்லை. அலுமினியம் போட்டவர்களில் ஒருவருக்கு வந்திருக்கிறது.

கிளட்ச் எது போடலாம்? ஆறு துண்டு செராமிக் பிளேட் நன்றாகப் பிடிக்கும் என்கிறார்கள். மாட்டும்போது நான் கூடவே நிற்கப் போகிறேன், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

அச்சாணி:

நல்ல முடிவு. செராமிக் வேண்டாம் தம்பி. அது பிடிக்கும் இல்ல விடும், நடுவுல எதுவும் கிடையாது. லேசான ஃப்ளைவீலோட அதையும் சேத்தா நெரிசல்ல ஓட்டவே முடியாது. சாதாரண ஆர்கானிக் பிளேட், நடுவுல ஸ்பிரிங் உள்ளது, கம்பெனிய விட கொஞ்சம் கூடுதல் அழுத்தம் உள்ள பிரஷர் பிளேட். உங்க இன்ஜினுக்கு இது தாராளம்.

இப்ப மாட்டற விஷயம். பெட்டியப் பிரிச்சதும் பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வையுங்க. பல் வளையத்துல பல்ல எண்ணுங்க, விட்டம் அளங்க. பிரஷர் பிளேட் உக்கார்ற முகத்துக்கும் பிளேட் உரசற முகத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் கம்பெனி அளவுல இருக்கணும், அது மாறினா பெடல் கடிக்கற இடமே மாறிடும். கிராங்க் சென்சார் ஃப்ளைவீல்லேர்ந்து படிக்கற இன்ஜினா இருந்தா அந்தக் குறிப் பல்லும் புதுசுல அதே இடத்துல இருக்கணும். இல்லன்னா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. எல்லாத்தையும் மாட்டி முடிச்ச பிறகு இது தெரிஞ்சா மறுபடி ஒரு நாள் வேலை.

கிராங்க் ஆயில் சீல கண்டிப்பா மாத்துங்க. ஒரு சொட்டு ஆயில் கசிஞ்சாலும் புது பிளேட் வீண். ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் இருந்தா அதுவும் புதுசு. ஃப்ளைவீல் போல்ட் நிறைய இன்ஜின்ல ஒரு தடவை இழுத்தா நீண்டுடற வகை, பழச திருப்பிப் போட விடாதீங்க. சில இன்ஜின்ல போல்ட் ஓட்டை கிராங்க் உள்ள வரைக்கும் போகும், அதுக்கு மரையில சீலன்ட் வெச்சாத்தான் ஆயில் வராது. குறுக்கு குறுக்கா, ரெண்டு மூணு கட்டமா, டார்க் ரெஞ்ச் வெச்சு, மேனுவல்ல போட்ட அளவுக்கு. இம்பாக்ட் கன் வெச்சு டர்ருன்னு இறுக்க வந்தா கையப் பிடிச்சு நிறுத்துங்க.

புது ஃப்ளைவீல் துரு பிடிக்காம இருக்க ஒரு எண்ணெய் பூச்சோட வரும். பிரேக் கிளீனர் போட்டு வெள்ளைத் துணியால துடைங்க, துணி வெள்ளையாவே திரும்பற வரைக்கும். அப்புறம் அந்த முகத்துல விரல் படக்கூடாது. பிளேட்டோட எந்தப் பக்கம் ஃப்ளைவீல பாக்கணும்னு அதுலயே எழுதியிருக்கும்.

முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள்ள சாதாரணமா ஓட்டுங்க. பாய்ச்சல் எதுவும் வேண்டாம். முகம் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பழகணும்.

இரண்டாம்கியர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மாட்டியாகிவிட்டது, 900 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது.

பழைய ஃப்ளைவீலைக் கழற்றிக் கையில் கொடுத்தபோது அதன் முகத்தில் நீலமும் கருப்புமாகத் திட்டுகள். நகத்தால் வருடினால் அந்த இடங்கள் சற்று மேடாகத் தட்டுப்பட்டன. முன்பு கிளம்பும்போது ஓர் அதிர்வும் வரும், இங்கே சொல்லவில்லை; அதற்குக் காரணம் அதுதான் என்று அங்கேயே புரிந்தது. சீல் விஷயத்தில் அச்சாணி அண்ணனுக்குக் கடன்பட்டிருக்கிறேன். பழைய சீலின் கீழ் விளிம்பு ஈரமாக இருந்தது, இன்னும் கொஞ்ச நாளில் ஒழுகியிருக்கும்.

முதல் நாள் பார்க்கிங் சரிவில் மூன்று முறை ஆஃப் ஆனேன். இரண்டாவது வாரத்தில் அது நின்றுவிட்டது. இப்போது 1,400 ஆர்பிஎம்மில் கிளம்புகிறேன், யோசிக்காமலே கால் அந்த இடத்தில் நிற்கிறது. ஐடில் 750ல் இருந்தது, 820க்கு ஏற்றினோம். ஏசி சேரும்போது ஊசி ஒரு முறை குனிந்து நிமிர்கிறது, அவ்வளவுதான். விளக்கு எதுவும் எரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. எப்போதும் அங்கே மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது வண்டி ஒரு குலுக்கு குலுக்கும், என் ஆக்சிலரேட்டர் தட்டல் போதாது. இந்த முறை அதே தட்டல்தான், முள் 4,200க்குத் தாவியது, லிவர் உள்ளே போனதே கைக்குத் தெரியவில்லை. வளைவு முடிந்ததும் இரண்டில் மிதித்தபோது வண்டி இலகுவாக எழுந்தது. நான்கிலும் ஐந்திலும் முறுக்குவிசை கணக்குப் போட்டது போலவே, எந்த மாற்றமும் தெரியவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். சூடேறிய பிறகு நியூட்ரலில் நிற்கும்போது தகர டப்பாவில் சரளைக்கல் உருட்டுவது போல மெல்லிய சத்தம். கியர் லிவர் மேல் விரலை வைத்தால் சத்தம் பாதியாகிறது. கிளட்சை மிதித்தால் முழுதாக நின்றுவிடுகிறது. காலையில் குளிர்ந்த இன்ஜினில் வருவதே இல்லை.

மழைச்சாலை:

ஆக்சிலரேட்டர பதம் தெரிஞ்சு தட்டறீங்க, படிக்கவே சந்தோஷமா இருக்கு. அந்தச் சத்தம் என் ஸ்டீல் ஃப்ளைவீல்லயும் உண்டு.

அச்சாணி:

கியர் பல் தட்டற சத்தம்தான் அது. கிளட்ச மிதிச்சா நிக்குதுன்னா ரிலீஸ் பேரிங் இல்ல, பேரிங்னா மிதிச்சாத்தான் சத்தம் வரும். சூட்டுல கியர் ஆயில் இளகறதால அப்ப மட்டும் கேக்குது. 90,000ல கியர் ஆயில் மாத்தினீங்களா?

இரண்டாம்கியர்:

கியர் பாக்ஸை இறக்கியபோது வடிந்ததை மட்டும் நிரப்பினார்கள். முழுதாக மாற்றவில்லை.

அச்சாணி:

முழுசா வடிச்சுட்டு மேனுவல்ல போட்ட கிரேடையே ஊத்துங்க. சத்தம் குறையணும்னு அதவிட கெட்டியானத ஊத்திடாதீங்க, காலையில ரெண்டாவது கியர் விழாது. வடியற ஆயில வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. காந்தத்துல சாம்பல் பசை மாதிரி ஒட்டியிருந்தா அது சாதாரணத் தேய்மானம். விரல்ல குத்தற மாதிரி துண்டு வந்தா போட்டோ எடுத்து இங்க போடுங்க.

இரண்டாம்கியர்:

நேற்று மாற்றினேன் அண்ணா. வந்தது கறுத்த ஆயில், காந்தத்தில் பசை மட்டும்தான், துண்டு எதுவும் இல்லை. சத்தம் முழுதாகப் போகவில்லை, ஆனால் ஜன்னலை ஏற்றிவிட்டால் கேட்பதில்லை. இப்படியே ஓட்டுகிறேன்.